எழுபத்திரண்டாம் கேட்டின் நம்பர்

எர்ரகோனபாடு ஸ்டேஷனுக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டரில் எழுபத்திரண்டாம் கேட். அங்கே உருகுந்தம்மாவைத் திட்டாமல் கடந்துபோனவர் கிடையாது. பருத்தி லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே திட்டுவான். பால்காரன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு திட்டுவான். லிங்காலதிப்பயிலிருந்து கூலிக்குப் போகும் பெண்களோ கூட்டமாகச் சேர்ந்து ராகம் போட்டுத் திட்டுவார்கள். ரயில் கண்ணுக்கே தெரியாதபோது கேட்டை மூடிவிடுகிறாள் என்பதுதான் எல்லோருக்கும் குறை. அவள் யாரையும் பதிலுக்குத் திட்டுவதில்லை. தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு வசவு வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

மூடிய கேட்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நுழைகிறவனை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கார் கண்ணாடியை இறக்கி, "யம்மா, நாங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்பவர்களை அதற்கும் ஒருபடி கீழே வைத்திருந்தாள். "தெரியலேன்னா வீட்டுக்குப் போய் உங்க அம்மாவக் கேட்டுட்டு வாங்க" என்று ஒருமுறை ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் நர்சிரெட்டியின் மச்சானுக்கே சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுடைய இளக்காரத்தில் பெரும்பங்கு ரோட்டில் போகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை அவள் இரண்டு பேருக்காக எடுத்துவைத்திருந்தாள். ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் சேஷகிரி ராவ். இன்னொருவன் செத்துப்போன அவளுடைய புருஷன் திப்பன்னா.

திப்பன்னாவும் இதே கேட்டில்தான் வேலை பார்த்தான். ஊரெல்லாம் அவனைத் தங்கமான மனுஷன் என்றது. யாரையும் காக்கவைக்க மாட்டான். ரயில் ஊதுகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கேட்டை இறக்குவான், கடைசி மாட்டுவண்டி போகும்வரை கையில் பீடியோடு சிரித்துக்கொண்டு நிற்பான். சாராயம் ஈரலைத் தின்று அவன் போனபோது, லாரிக்காரர்கள் சேர்ந்து மாலை வாங்கி வந்தார்கள். அந்த வேலைதான் பிறகு உருகுந்தம்மாவுக்கு வந்தது. கேட்டை ஒட்டிய ஒற்றை அறையும், கர்னூலில் நர்ஸ் படிப்பு படிக்கும் மகளுடைய படிப்பும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தன.

தங்கமான மனுஷனின் வண்டவாளம் அவளுக்குத்தான் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் நம்பர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ரயில் வருவதற்கு முன் மாஸ்டர் போன் செய்வார். கேட்டைப் பூட்டிவிட்டு, பூட்டியதற்குச் சாட்சியாகக் கேட்காரர் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். கேட்காரர் கையில் இருக்கும் அச்சடித்த தாளில் சில நம்பர்கள் மட்டும், அவையும் முன்பின்னாகக் கலைந்து கிடக்கும். சொன்ன நம்பரை அடித்துவிட்டு, எந்த வண்டிக்கு, எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்த வண்டிக்கு அடுத்த நம்பர். மாஸ்டரிடம் அந்தத் தாள் இருக்காது, அதனால் அவராக ஒரு நம்பரை எழுதிக்கொள்ள முடியாது.

எல்லாம் நன்றாக இருக்கிற நாளில் யாரும் பொய் சொல்ல வழியில்லை. கேட்டின் தடி இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் சிக்னல் பச்சையாகும். பூட்டு கெட்டுப்போனால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், ரோட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டித்தான் அடைக்க வேண்டும். அன்றைக்குத்தான் இந்த நம்பருக்கு உயிர். நம்பர் கிடைத்ததும் மாஸ்டர் டிரைவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: கேட் பூட்டியாயிற்று, சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று. டிரைவர் அந்தச் சீட்டை நம்பி வண்டியை விடுவார்.

அப்படிப் பூட்டு கெட்டிருந்த ஒரு நாளில், திப்பன்னா கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே போனை எடுத்து நம்பர் சொன்னான். கேட் திறந்து கிடந்தது. சொன்ன வாய் மூடுவதற்குள் குறட்டை விட்டான். உருகுந்தம்மா அப்போது கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கையில் ஒட்டிய களியோடு ஓடிப்போய் இரண்டு பக்கமும் சங்கிலியைப் போட்டாள். நாற்பது பெட்டி சரக்கு வண்டி அவள் முந்தானையைப் பறக்கவிட்டுப் போயிற்று. திரும்பி வந்தபோது களி அடிபிடித்திருந்தது. எழுந்து உட்கார்ந்த புருஷன் அதற்கு அவளைத் திட்டினான். அன்றைக்கு அவன்மேல் விழுந்த இளக்காரம் அவன் சாம்பலான பிறகும் குறையவில்லை.

சேஷகிரி ராவ் கடற்கரை ஜில்லாக்காரர். வெளுத்த சட்டை, அதைவிட வெளுத்த பவுடர் முகம். எங்கள் பக்கத்துக் காரமும் எங்கள் பக்கத்து மனிதர்களும் அவருக்கு ஆகாது. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: தன் ஸ்டேஷனில் எந்த வண்டியும் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது. அதற்காக அவர் ஒரு வழக்கம் உண்டாக்கி வைத்திருந்தார். எந்தக் கேட்டில் பூட்டு கெட்டாலும், காலையிலேயே போன் செய்து ஆறேழு நம்பரை மொத்தமாக வாங்கி எழுதிக்கொள்வார். அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்றாகப் பதிவேட்டில் நிரப்பிக்கொள்வார். கேட்காரர் ஊதல் கேட்டதும் மூடிக்கொள்ள வேண்டியது. அதற்குக் 'காலை நம்பர்' என்று செல்லப்பெயரும் இருந்தது. எழுபத்தொன்றாம் கேட்டின் மாபுசாப் கொடுப்பான், எழுபத்துமூன்றாம் கேட்காரரும் கொடுப்பார். உருகுந்தம்மா கொடுத்ததே இல்லை.

அந்தத் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில், பருத்தி ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டுத் தடியை இடித்து வளைத்துவிட்டது. தடி பூட்டுக்குள் போகவில்லை, சிக்னல் சிவப்பில் நின்றது. சிக்னல் மெக்கானிக் வேறொரு ஊரில் வேறொரு பழுதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், சாயங்காலம்தான் வருவாராம். உருகுந்தம்மா இரண்டு சங்கிலியையும் எடுத்துத் துடைத்தாள், பூட்டுகளைத் திறந்து மூடிப் பார்த்தாள். போன் அடித்தது.

"உருகுந்தம்மா, ஒரு ஆறு நம்பர் சொல்லு, எழுதிக்கறேன். இன்னிக்கு முழுக்க உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார் சேஷகிரி ராவ்.

"எந்த வண்டிக்கு சார்?"

"எல்லா வண்டிக்கும்தான்."

"வராத வண்டிக்கு, மூடாத கேட்டுக்கு, எப்படி சார் நம்பர் சொல்றது?"

"மாபுசாப் கேட்டா மறுபேச்சுப் பேசறதில்ல. உனக்கு மட்டும் என்ன தலையில கிரீடமா?"

"அவரு அவ்ளோ நல்லவரா இருந்தா, என் கேட்டுக்கும் அவருகிட்டயே வாங்கிக்குங்க சார்."

"இதோ பாரும்மா, இன்னிக்கு மத்தியானம் பெரிய அதிகாரி ஸ்பெஷல் வண்டியில இந்த வழியா போறார். திரும்பி வர்றப்ப எறங்கி நம்ம ஸ்டேஷனுக்குக் கேடயம் குடுக்கறார். நேரந்தவறாம வண்டி விட்டதுக்குக் கேடயம். புரியுதா? உன்னால அந்த வண்டி ஒரு நிமிஷம் நின்னாலும் உன்ன இந்தக் கேட்டுல வச்சிருக்க மாட்டேன்."

"வண்டி வரும்போது கேளுங்க சார். பூட்டிட்டுச் சொல்றேன்."

அவர் போனை வைத்த சத்தம் கேட்டது. கேடயம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே நம்பர் சொன்ன புருஷனுக்கும் அந்தக் காலத்தில் யாராவது கேடயம் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலை பாசஞ்சருக்கு அவள் சங்கிலியைப் பூட்டி நாற்பத்தேழு என்று சொன்னாள். சரக்கு வண்டிக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் ரோட்டில் பத்திருபது வண்டிகள் சேர்ந்தன, வழக்கமான அர்ச்சனை நடந்தது. அடுத்து தாளில் இருந்தது எண்பத்துமூன்று. அது ஸ்பெஷல் வண்டிக்கு.

பதினொன்றரை மணிக்கு, நர்சிரெட்டியின் டிராக்டர் பருத்தி எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருந்ததால் கேட் திறந்துதான் இருந்தது. டிராக்டர் தண்டவாளத்தைத் தாண்டியது. பின்னால் வந்த டிரெய்லர் தாண்டவில்லை. இரண்டையும் கோத்திருந்த முளை கழன்று எங்கேயோ விழுந்து, டிரெய்லர் நடுத் தண்டவாளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. மேலே இருபது பெண்கள், சோற்றுத் தூக்குகள், தண்ணீர்க் குடங்கள்.

"இறங்குங்கடி எல்லாரும்!" என்றாள் உருகுந்தம்மா.

மத்தம்மா என்பவள் அந்தக் கூட்டத்துக்கு வாய். "எதுக்கு எறங்கணும்? எங்க வருது ரயிலு? கண்ணுல காட்டு, எறங்கறோம்" என்றாள்.

"கண்ணுல தெரிஞ்சப்புறம் நீ எறங்க மாட்ட, அள்ளித்தான் எடுக்கணும்."

"வாயப் பாரு! திப்பன்னா எப்பேர்ப்பட்ட மனுஷன். அவனுக்கு இப்பிடி ஒருத்தி!"

பெண்கள் சிரித்தார்கள். இறங்கினால் காலைக் குத்தும் ஜல்லிக்கல், டிரெய்லரில் சாக்கு விரித்த சொகுசு. டிராக்டர் ஓட்டி வந்தவன் ரோட்டோரப் புல்லில் முளையைத் தேடிக்கொண்டிருந்தான். இதோ கிடைத்துவிடும், ஐந்தே நிமிடம் என்று அவன் நாலாவது தடவை சொன்னபோது போன் அடித்தது.

"ஸ்பெஷல் பக்கத்து ஸ்டேஷனத் தாண்டியாச்சு. நம்பர் சொல்லு."

"நம்பர் இல்ல சார். டிரெய்லர் தண்டவாளத்து மேல நிக்குது. மேல இருபது பேரு உக்காந்திருக்காங்க. வண்டிய உங்க ஸ்டேஷன்லயே நிறுத்துங்க."

அந்தப் பக்கத்துக் குரல் இப்போது தேன் மாதிரி வந்தது. "உருகுந்தம்மா, இங்க பாரு. வண்டி எனக்கே வந்து சேர இன்னும் எட்டு நிமிஷம். அப்புறம் உன்கிட்ட வர மூணு நிமிஷம். அதுக்குள்ள தள்ளிவிட மாட்டீங்களா? இப்ப நம்பர் சொல்லிடு. பந்தல் போட்டிருக்கேன்மா, மாலை வாங்கி வச்சிருக்கேன்."

"மாலைய ஈரத்துணில சுத்தி வைங்க சார், வாடாது. நம்பர் கெடையாது."

போன் பட்டென்று வைக்கப்பட்டது.

இந்த இடத்தில் இன்னொருத்தியாக இருந்தால் நிம்மதியாகத் தண்ணீர் குடித்திருப்பாள். நம்பர் கொடுக்கவில்லை, நம்பர் இல்லாமல் மாஸ்டர் வண்டியை விடமாட்டார், சட்டம் அப்படி. உருகுந்தம்மா சட்டத்தை நம்பினாள். சேஷகிரி ராவை நம்பவில்லை. மாலை வாங்கிவைத்த மனிதன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரை எந்த அளவு இளக்காரமாக நினைத்தாளோ, அதே அளவு அவசரமாக அவள் சிவப்புக் கொடிகளையும், சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் தண்டவாள வெடிகள் இருந்த தகரப் பெட்டியையும் எடுத்தாள். ஒரு கொடியை டிரெய்லருக்கு முன்னால் தண்டவாளத்துக்கு நடுவில் நட்டாள். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக ஓடினாள்.

அவள் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, ஜல்லிக்கல்லில் செருப்பு அறுந்துபோக, ஐம்பது வயது உடம்பு குலுங்கக் குலுங்க அவள் ஓடியதைப் பார்த்து டிரெய்லரில் ஒரே கொண்டாட்டம். "மாஸ்டருக்குச் சோறு கொண்டு போறாடி!" என்று மத்தம்மா கத்தினாள். அந்தச் சிரிப்பு அவள் முதுகில் வந்து விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அறுநூறு மீட்டர் கல்லில் ஒரு வெடியை வைத்துத் தண்டவாளத்தில் கவ்வி மடக்கினாள். மூச்சு நெஞ்சில் நிற்கவில்லை. இருந்தாலும் மேலே ஓடினாள். சட்டப்படி ஆயிரத்து இருநூறு மீட்டரில் மூன்று வெடி வைக்க வேண்டும். அவ்வளவு தூரம் முடியாது என்று தெரிந்ததும், ஓடியவரைக்கும் போதுமென்று அங்கேயே மூன்றையும் பத்துப் பத்துத் தப்படி இடைவெளியில் வைத்தாள். கடைசி வெடியை மடக்கி நிமிர்ந்தபோது ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பும் ஊதல் கேட்டது.

"பாவி" என்றாள். கொடியை விரித்துத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு நின்றாள்.

வண்டி சீட்டை நம்பி நல்ல வேகத்தில் வந்தது. வளைவைத் தாண்டியதும் டிரைவர் கொடியைப் பார்த்தார், சக்கரத்துக்கடியில் வெடிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. உருகுந்தம்மா பக்கத்துச் சரிவில் உருண்டாள். பிரேக்கின் கிறீச்சலோடு வண்டி அவளைக் கடந்து போனது. சிறிது நேரம் கழித்து நாலாவது வெடி. அதற்குப் பிறகுதான் டிரெய்லரில் சிரிப்பு நின்றது. தூக்குகள் உருள, குடங்கள் உடைய, இருபது பேரும் ஒருவர்மேல் ஒருவர் குதித்து ஓடினார்கள். எஞ்சின் டிரெய்லரிலிருந்து நாற்பது தப்படியில் நின்றது.

பெரிய அதிகாரி இறங்கி வந்தார். பின்னாலேயே ஒரு ஆள், பட்டுத்துணி போர்த்திய கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். முழங்காலில் ரத்தத்தோடு நொண்டிக்கொண்டு வந்த உருகுந்தம்மாவைப் பார்த்து அதிகாரி, "பூட்டாம எதுக்கு நம்பர் குடுத்த?" என்றார்.

"நான் குடுக்கல சார்."

டிரைவர் சீட்டை நீட்டினார். அதில் சேஷகிரி ராவின் அழகான கையெழுத்தில், கேட் எழுபத்திரண்டு, நம்பர் ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

மூன்றாம் நாள் ஸ்டேஷன் அறையில் விசாரணை. சேஷகிரி ராவ் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். போனில் அவள் சொன்னது ஐம்பத்தெட்டுதான் என்று சத்தியம் செய்தார். ரயில்வே டிராஃபிக் இன்ஸ்பெக்டர் உருகுந்தம்மாவைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"பதட்டத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன்னு இருக்கு. கையெழுத்து போட்டுரும்மா. நீ வண்டிய நிறுத்திட்டே, அதனால உனக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா அவரு வேலை போகும். ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு ஆகற மனுஷன்."

"போடலேன்னா எனக்கு என்ன ஆகும்?"

"ஸ்பெஷல் வர்ற நேரத்துல டிரெய்லர உள்ள விட்டது நீதான்னு எழுதுவாங்க. வேலை போகலாம். மக படிக்கறா இல்ல?"

உருகுந்தம்மா அந்தத் தாளைப் படித்தாள். திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள். "மக படிக்கறா சார். படிச்சு முடிச்சு ஆஸ்பத்திரில நிப்பா. ஊசி போடாம போட்டதா எழுதுன்னு அங்கயும் ஒரு மாஸ்டர் வந்து நிப்பான். அப்ப அவ என்ன செய்யணும்னு நான் என்னன்னு சொல்றது?"

உள்ளே போய், தன் நம்பர் தாளை மேசைமேல் விரித்தாள். நாற்பத்தேழு அடித்திருந்தது. பன்னிரண்டு அடித்திருந்தது. எண்பத்துமூன்று அடிக்காமல் இருந்தது. ஐம்பத்தெட்டு அந்தத் தாளிலேயே இல்லை, தலைகீழாகத் தேடினாலும் இல்லை. விசாரணைக்கு வந்த மூவரும் குனிந்து பார்த்தார்கள். சேஷகிரி ராவ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், பவுடர் கலைந்தது.

நியாயம் ஜெயித்தது என்று நினைத்துவிட வேண்டாம், இது எங்கள் ரயில்வே செக்ஷன். ஒரு மாதம் கழித்து வந்த அறிக்கை, தடி வளைந்ததையும் டிரெய்லரின் முளையையும் காரணமாகச் சொன்னது. போனில் 'சரியாகக் கேட்காமல் போயிருக்கலாம்' என்றது. மனிதர் யார்மேலும் அதில் குற்றம் இல்லை, கருவிகள்தான் பழுது. கேடயத்தில் ஏற்கெனவே ஸ்டேஷன் பெயரைப் பொறித்திருந்ததால் அதைத் திருப்பி எடுத்துப்போகவும் வழியில்லை. ஒரு ஆள் வந்து ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனான். சேஷகிரி ராவைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கருவி பழுதானால் என்ன செய்ய வேண்டும் என்று புது மாஸ்டர்களுக்கு அங்கே அவர் பாடம் எடுக்கிறாராம். மாபுசாப் இதைச் சொன்னபோது உருகுந்தம்மா வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு, "நல்லா எடுப்பாரு" என்றாள். அவளுக்கு வேலை போகவில்லை. ஸ்பெஷல் வண்டியை நாற்பத்திரண்டு நிமிடம் தாமதப்படுத்தியதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதை மடித்து நம்பர் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் பிறகு. ஸ்பெஷல் நின்றதற்கு மறுநாள் காலையிலேயே சங்கிலிக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. தடி இன்னும் வளைந்துதான் கிடந்தது, சாயங்காலம் வருவதாகச் சொன்ன மெக்கானிக் வந்திருக்கவில்லை. ரயில் கண்ணுக்குத் தெரியவில்லை. உருகுந்தம்மா முழங்காலில் மஞ்சள் பற்றோடு, கையில் கொடியோடு நின்றாள். டிரெய்லரில் அதே இருபது பேர்.

"தெறடி! எவ்ளோ நேரம்? எங்க வருது ரயிலு?" என்று மத்தம்மாவின் குரல்தான் முதலில் எழுந்தது.

உருகுந்தம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மத்தம்மா என்ன நினைத்தாளோ, டிரெய்லரிலிருந்து இறங்கிச் சங்கிலியருகே வந்தாள். தூக்குப்பாத்திரத்தைத் திறந்து சோளமாவில் தட்டிய ஒரு ஜொன்ன ரொட்டியையும் மிளகாய்த் துவையலையும் எடுத்து நீட்டினாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"திப்பன்னா நல்லவன்தான் அக்கா. அவன் இருந்திருந்தா நேத்து நாங்க யாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்."

உருகுந்தம்மா ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

"சங்கிலிக்கு அந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்றாள்.